ஒன்று குறைந்ததால் உண்டான எண்

ஏறிக்கொண்டே போன ஓர் எண்ணிக்கை, ஒரு கணத்தில் எதிர்மறை எண்ணாகத் தலைகீழாய்ப் புரண்டு நின்றதைக் கண்ட நாளில்தான் 2147483647 எனக்கு அறிமுகமானது. நான் எழுதிய நிரலில் பிழை தேடிச் சில மணி நேரம் அலைந்த பிறகு, பிழை கணக்கில் இல்லை, எண்ணைப் போட்டு வைத்த பெட்டியின் அளவில்தான் இருக்கிறது என்று புரிந்தது. பிட் என்பது 0 அல்லது 1 வைக்கும் ஓர் இடம். 32 பிட் கொண்ட பெட்டியில் ஒரு பிட் கூட்டல், கழித்தல் குறிக்குப் போய்விட்டால் எஞ்சுவது 31 பிட். அவற்றில் அடங்கும் மிகப் பெரிய எண் 2³¹ − 1. அதற்கு மேல் ஒன்று கூட்டினால் −2147483648 வந்து நிற்கும். 1970 தொடக்கத்திலிருந்து நொடிகளை எண்ணி வரும் பழைய கணினிக் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று, உலகப் பொது நேரப்படி 03:14:07 மணிக்கு, இதே சுவரில் முட்டும்.

இந்த எண்ணைப் பற்றி நிரலாளர்கள் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இவ்வளவுதான். அது ஒரு பகா எண் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். கணினியின் எல்லையும் ஒரு பகா எண்ணும் ஒரே இடத்தில் வந்து அமர்ந்ததில் ஏதோ ஆழ்ந்த காரணம் இருக்க வேண்டும் என்று முதலில் நம்பினேன். அப்படி ஒன்றும் கிடையாது. 16 பிட் பெட்டியின் எல்லையான 32767 ஒரு பகு எண். அது 7 × 31 × 151. 64 பிட் பெட்டியின் எல்லையான 2⁶³ − 1 எண்ணையும் 7 மீதியின்றி வகுக்கும். 8 பிட்டின் 127 பகா எண்தான். 32 பிட்டின் எல்லையும் அவ்வாறே. ஆகவே பொறியாளர்கள் 32 என்ற அகலத்தைத் தேர்ந்தபோது ஒரு பகா எண் வாய்த்தது தற்செயல். ஆனால் அந்தப் பகா எண்ணுக்குள் இருக்கும் ஒழுங்குகளில் எதுவும் தற்செயல் அன்று. ஏறத்தாழ எல்லாமே ‘இரண்டின் அடுக்குக்கு ஒன்று குறைவு’ என்ற ஒற்றைக் காரணத்திலிருந்து பிறக்கின்றன. அதைத்தான் இங்கே பொறுமையாகப் பிரித்துப் பார்க்க விரும்புகிறேன். இனி இந்த எண்ணைச் சுருக்கமாக ‘ப’ என்று குறிக்கிறேன்.

இரண்டின் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்து வரும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்கிறோம். அடுக்கு பகு எண்ணாக இருந்தால் விடையும் பகு எண்ணாகவே இருக்கும். அடுக்கு பகா எண்ணாக இருந்தாலோ விடை எப்படியும் இருக்கலாம். பழைய ஆசிரியர்கள் பலர் சறுக்கியது இந்த இரண்டாவது இடத்தில்தான். 1588இல் இத்தாலியரான கத்தால்டி, 17, 19 ஆகிய அடுக்குகள் பகா எண் தருவதைச் சரியாக நிறுவிவிட்டு, அந்த உற்சாகத்தில் 23, 29, 31, 37 ஆகியவையும் தரும் என்று எழுதிவிட்டார். அவற்றுள் 31 மட்டுமே தேறியது. 2²³ − 1 எண்ணை 47 வகுக்கிறது, 2³⁷ − 1 எண்ணை 223 வகுக்கிறது என்று பிரெஞ்சுக் கணிதவியலரான ஃபெர்மா காட்டினார். 2²⁹ − 1 எண் 233 × 1103 × 2089 என்று உடைகிறது. 1644இல் பிரெஞ்சுத் துறவியான மெர்சென் வெளியிட்ட பட்டியலிலும் 31 இருந்தது. அந்தப் பட்டியலிலோ 67, 257 ஆகியவை தவறாக நுழைந்திருந்தன, 61, 89, 107 ஆகியவை விடுபட்டிருந்தன. ஆக, 31 சரியாக வந்ததை அவர்களுடைய நிறுவல் என்று சொல்ல முடியாது, நல்லூழ் என்றுதான் சொல்ல வேண்டும்.

நிறுவியவர் சுவிஸ் கணிதவியலரான ஆய்லர். 1772இல், கண்பார்வையை ஏறத்தாழ முழுவதும் இழந்துவிட்டிருந்த நிலையில், இந்த எண் பகா எண்ணே என்று அவர் அறிவித்தார். பத்து இலக்க எண் ஒன்றை நேரடியாகச் சோதிப்பதென்றால், அதன் வர்க்கமூலமான 46340 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும். அவை மொத்தம் 4792. கையால் செய்தால் மாதக்கணக்கில் ஆகும் வேலை. ஆய்லர் அந்தக் குவியலை எப்படிச் சுருக்கினார் என்பதில்தான் எண்ணியலின் அழகு முழுவதும் தெரிகிறது.

ஏதேனும் ஒரு பகா எண் ‘வ’, நம் ப-வை வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வ-வால் வகுத்து மீதி காணும்போது 2³¹ என்பது 1 என்ற மீதியையே தரும். 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போகும் மீதிகளின் வரிசை 31 அடிகளில் மீண்டும் 1-க்குத் திரும்புகிறது என்று பொருள். முதன்முதலாக 1-க்குத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அடிகளின் எண்ணிக்கை 31ஐ வகுத்தாக வேண்டும். 31 பகா எண் என்பதால் அது 31ஆகவே இருக்கும். மறுபுறம், ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி இதே வரிசை (வ − 1) அடிகளிலும் 1-க்குத் திரும்பியே தீர வேண்டும். எனவே (வ − 1) என்பது 31இன் மடங்கு. வ ஒற்றைப்படை எண் ஆகையால் அது 62இன் மடங்கு. இந்த ஒரு வரியிலேயே சோதிக்க வேண்டிய எண்களில் பெரும்பகுதி உதிர்ந்துவிடுகிறது.

இத்துடன் நிற்கவில்லை. 2³¹-இன் மீதி 1 என்றால் 2³²-இன் மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶-இன் வர்க்கம், அதாவது 65536-இன் வர்க்கம். ஆகவே வ-வின் உலகில், அதாவது வ-வால் வகுத்த மீதிகளை மட்டுமே பார்க்கும்போது, 2 என்பது ஒரு வர்க்க எண். 2 வர்க்கமாக அமையும் பகா எண்கள் 8ஆல் வகுக்கும்போது 1 அல்லது 7 மீதி தருபவை மட்டுமே. இரண்டு கட்டுப்பாடுகளையும் ஒன்று சேர்த்தால், வ என்பது 248இன் மடங்குடன் 1 கூட்டி வருவதாகவோ, 63 கூட்டி வருவதாகவோ மட்டுமே இருக்க முடியும். 46340-க்குள் இவ்வகையில் தேறும் எண்கள் 373. அவற்றிலும் முதலாவதான 63 பகா எண் இல்லை. அடுத்ததான 249 என்பது 3 × 83. இப்படி வெளிப்படையான பகு எண்களைத் தள்ளிக்கொண்டே போனால் எண்பதை ஒட்டிய வகுத்தல்களே மிஞ்சும். மாதக்கணக்கு நாட்கணக்காகிவிட்டது.

பட்டியலில் வரும் முதல் பகா எண் 311. அதை மட்டும் நானும் தாளில் போட்டுப் பார்த்தேன். பத்து இலக்கத்தை அப்படியே வகுக்கத் தேவையில்லை, மீதிகளை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் போதும். 2⁸ = 256, அதாவது 311-க்கு 55 குறைவு; ஆகவே −55 என்று எழுதலாம். அதன் வர்க்கம் 3025. 311இன் மடங்குகளை நீக்கினால் 226, அதாவது −85. இது 2¹⁶-இன் மீதி. இரண்டையும் பெருக்கினால் 4675, நீக்கியபின் 10, இது 2²⁴. இன்னும் ஏழு அடுக்கு வேண்டும்: 10 × 128 = 1280, நீக்கினால் 36. ஒன்றைக் கழித்தால் 35. மீதி சுழியம் இல்லை, 311 வகுக்கவில்லை. அடுத்த பகா எண் 1303. அதோடு நான் நிறுத்திக்கொண்டேன், ஆய்லர் நிறுத்தவில்லை.

இவ்வாறு நிறுவப்பட்ட எண்ணுக்குத் துணையாக ஒரு செவ்விய எண்ணும் கிடைத்தது. தன்னைத் தவிர்த்த வகுஎண்களையெல்லாம் கூட்டினால் தானே வரும் எண்ணைச் செவ்விய எண் என்கிறோம்; 6, 28 ஆகியவை எளிய எடுத்துக்காட்டுகள். 2³⁰-ஐ ப-வால் பெருக்கினால் வரும் 2305843008139952128 அவ்வகையில் எட்டாவது. 1811இல் பீட்டர் பார்லோ தம் எண்ணியல் நூலில், இதைவிடப் பெரிய செவ்விய எண்ணை இனி எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை, ஏனெனில் இவை பயனில்லாத வேடிக்கைப் பொருள்கள் என்று எழுதினார். மனிதர்கள் பயன் கருதித்தான் எண்களைத் துரத்துவார்கள் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். 1876இல் லூகாஸ் 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டினார். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2-இன் 136279841 அடுக்கு கழித்தல் 1 என்ற பகா எண்ணில் 4,10,24,320 இலக்கங்கள் உள்ளன. அதன் பக்கத்தில் வைத்தால் என் பத்து இலக்க எண்ணைப் பெரிது என்று சொல்வதற்கே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் ஒரு பகா எண்ணின் உள்ளே புகுந்து தடவிப் பார்க்க இந்த அளவே வசதி. நான்கு கோடி இலக்கங்களைத் தாளில் போட்டுப் பார்க்க முடியாது.

லூகாஸ் கண்டு, பின்னர் 1930இல் லேமர் செப்பனிட்ட சோதனை இன்னும் வியப்பானது. 4இல் தொடங்குங்கள், வர்க்கப்படுத்தி இரண்டைக் கழியுங்கள், ப-வால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு மீண்டும் அதையே செய்யுங்கள். 4, 14, 194, 37634, 1416317954 என்று வரிசை வளரும். அதற்குப் பின் மீதிகள் எந்த ஒழுங்கும் இல்லாதவைபோல் தாறுமாறாகக் குதிக்கும். 29ஆம் அடியில் சரியாகச் சுழியம் வந்தால் எண் பகா எண். வராவிட்டால் பகு எண். ப-வுக்கு வருகிறது. சுழியத்துக்கு முந்தைய அடியில் என்ன இருந்திருக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டானது. வர்க்கப்படுத்தி இரண்டைக் கழித்தால் சுழியம் வருகிறது என்றால், அந்த எண் ப-வின் உலகில் 2-இன் வர்க்கமூலம். 2-இன் வர்க்கமூலம் எது என்று நமக்கு முன்பே தெரியும்: ஆய்லரின் வாதத்தில் வந்த அதே 65536, அல்லது அதன் எதிர்மறை. தாறுமாறாகக் குதித்த 28 அடிகளும் அந்த இரண்டில் ஒன்றில் வந்து இறங்குவதற்கான ஓட்டமாக இருந்திருக்கின்றன.

வர்க்கமூலம் பற்றிப் பேசுகையில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பொதுவாக ஒரு பகா எண்ணின் மீதிகளிடையே வர்க்கமூலம் தேடுவது எளிய காரியம் இல்லை. ப-வுக்கு மட்டும் அது நகைப்புக்குரிய அளவுக்கு எளிது. எந்த மீதியையும் எடுத்து 30 முறை தொடர்ந்து வர்க்கப்படுத்தினால், ஒன்று அதே எண் திரும்ப வரும், அல்லது அதன் எதிர்மறை வரும். அதே எண் வந்தால் அது வர்க்க எண். அப்போது 29ஆம் முறையில் கையில் இருந்ததே அதன் வர்க்கமூலம். காரணம், (ப + 1) என்பது 2-இன் தூய அடுக்கு. ஆகவே தேவையான அடுக்கேற்றம் முழுவதும் வர்க்கப்படுத்தலாகவே அமைந்துவிடுகிறது, இடையில் வேறு பெருக்கலே தேவைப்படுவதில்லை.

வகுத்தலும் தேவைப்படுவதில்லை. ஓர் எண் 9ஆல் வகுபடுமா என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டுகிறோம் அல்லவா? 10-க்கு 9 ஒன்று குறைவு என்பதால் அது செல்லுகிறது. அதே வித்தை இங்கே 2³¹ என்ற மாபெரும் ‘பத்துக்கு’ப் பொருந்தும். எவ்வளவு பெரிய எண்ணாயினும் இருநிலை வடிவில் எழுதி, வலப்புறத்திலிருந்து 31 பிட்களாக வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் ப-வால் வகுத்த மீதி கிடைத்துவிடும். கூட்டுத்தொகை மிஞ்சினால் மீண்டும் வெட்டிக் கூட்டலாம். கணினிக்கு வகுத்தலைவிடக் கூட்டல் மிக மலிவு என்பதால், விரைவு வேண்டிய இடங்களில் மெர்சென் பகா எண்களை விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள்.

இதன் தொடர்ச்சியாக ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. 31 பிட்களையும் மணிகள்போல் ஒரு வளையமாகக் கோத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் எண்ணை 2-ஆல் பெருக்கினால் எல்லாப் பிட்களும் ஓரிடம் இடப்புறம் நகரும். இடக்கோடியிலிருந்து வெளியே விழும் பிட்டின் மதிப்பு 2³¹. ப-வின் உலகில் அது 1. ஆகவே அது வலக்கோடியில் வந்து ஏறிக்கொள்ளும். இரட்டிப்பது என்பது வளையத்தை ஒரு மணி தள்ளுவதுதான். 31 முறை தள்ளினால் பழைய நிலை. எல்லாம் சுழியம், எல்லாம் ஒன்று என்ற இரு கோவைகளை விட்டுவிட்டால், மற்ற எந்தக் கோவையும் 31-க்குக் குறைந்த தள்ளல்களில் தன்னிலைக்குத் திரும்பாது, ஏனெனில் 31-ஐச் சமப் பகுதிகளாகப் பிரிக்க வழியில்லை. எனவே ப-வின் சுழியமல்லாத 2147483646 மீதிகளும் 31 மணிகள் கொண்ட 69273666 வளையங்களாகப் பிரிந்து நிற்கின்றன. (ப − 1) என்பது 31ஆல் வகுபடும் என்று மேலே ஃபெர்மாவின் தேற்றத்தை வைத்துச் சொன்னதை, இங்கே மணிகளை எண்ணியே காட்டிவிட்டோம்.

ஒரு பகா எண்ணின் குணத்தை அறிய (ப − 1)-இன் காரணிகளைப் பார்க்க வேண்டும். பெரிய எண்களுக்கு இதுவே முட்டுக்கட்டை, காரணிப்படுத்தல் கடினம். இங்கே அதுவும் தானே அவிழ்கிறது. 2³¹ − 2 என்பது 2-ஐ 2³⁰ − 1-ஆல் பெருக்கியது. 2³⁰ − 1 என்பது 32767 × 32769. முன்னதை மேலே உடைத்துவிட்டோம், பின்னது 9 × 11 × 331. ஆக (ப − 1) = 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. எல்லாம் சிறு எண்கள். இதை வைத்து, எந்த எண்ணின் அடுக்குகள் 1 முதல் (ப − 1) வரை ஒன்றுவிடாமல் எல்லா மீதிகளையும் தொட்டு வரும் என்று சோதிக்கலாம். அத்தகைய எண்ணை முதன்மை மூலம் என்பார்கள். 2 அந்தத் தகுதிக்கு அருகிலேயே வராது. அது 31 அடிகளில் களைத்துத் திரும்பிவிடுகிறது. மிகச் சிறிய முதன்மை மூலம் 7. மொத்தத்தில் 53,46,00,000 முதன்மை மூலங்கள் உள்ளன. அதாவது கண்ணை மூடிக்கொண்டு ஒரு மீதியை எடுத்தால் ஏறத்தாழ நான்கில் ஒன்று தேறும்.

7-இன் ஐந்தாம் அடுக்கான 16807 இதில் புகழ்பெற்றது. 5 என்பது (ப − 1)-இன் காரணி இல்லை என்பதால் 7-இன் தகுதி 16807-க்கும் அப்படியே வந்து சேர்கிறது. சுழியமல்லாத ஏதேனும் ஒரு மீதியில் தொடங்கி, 16807-ஆல் பெருக்கி, ப-வால் வகுத்து மீதி எடுத்துக்கொண்டே போனால், இருநூறு கோடிக்கும் மேற்பட்ட அடிகள் வரை எந்த எண்ணும் இருமுறை வராது. பார்ப்பதற்குக் குலுக்கிப் போட்டதுபோல் இருக்கும். 1988இல் பார்க், மில்லர் இருவரும் சமவாய்ப்பு எண் உருவாக்கத்துக்குக் குறைந்தபட்சத் தரமாக இதையே முன்வைத்தார்கள். நிரல் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனையும் தந்தார்கள்: 1-இல் தொடங்கிப் பத்தாயிரம் முறை பெருக்கினால் 1043618065 வர வேண்டும். இதில் ஒரு நகைமுரண் உண்டு. 32 பிட் பெட்டியில் 16807-ஆல் பெருக்கினால் விடை பெட்டியை மீறிவிடும். அதைத் தவிர்க்க ப = 16807 × 127773 + 2836 என்று பிரித்து, பெருக்கலை இரு துண்டாக்கி, எந்த இடைவிடையும் ப-வைத் தாண்டாதபடி கணக்கிடும் வழி ஒன்று புழக்கத்தில் இருந்தது. எல்லையாக இருக்கும் எண்ணைக் கொண்டே எல்லையை மீறாமல் கணக்குப் போடும் வித்தை அது. இன்றைய தேவைகளுக்கு இவ்வளவு குறுகிய சுழற்சி போதாது. மறைகுறியாக்கத்துக்கு அறவே உதவாது, ஒரு விடை தெரிந்தால் அடுத்தது தெரிந்துவிடும்.

அக்கம்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ப + 2 என்பது 3ஆல் வகுபடும். ப − 2 என்பது 5இல் முடிகிறது. ஆகவே இதற்கு இரண்டு தள்ளி நிற்கும் இரட்டைப் பகா எண் துணை இல்லை. இதை இரட்டித்து ஒன்று கூட்டினால் வருவது 2³² − 1. அது 3 × 5 × 17 × 257 × 65537, அதாவது ஃபெர்மா பகா எண்கள் (2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுடன் ஒன்று கூட்டி வருபவை) என்று இதுவரை அறியப்பட்ட ஐந்தின் பெருக்கற்பலன். 65536-க்குப் பக்கத்து வீட்டுக்காரர் இங்கேயும் வந்துவிட்டார். பகா எண்களை வரிசையாக எண்ணினால் ப-வின் இடம் 10,50,97,565. முந்தையது 2147483629, அடுத்தது 2147483659.

இன்னும் ஒரு தன்மை எஞ்சியிருக்கிறது. 31 தானே 2⁵ − 1 என்ற மெர்சென் பகா எண். அதாவது ப என்பது மெர்சென் பகா எண்ணை அடுக்காகக் கொண்ட மெர்சென் பகா எண். அத்தகையவை 7, 127, ப, 2¹²⁷ − 1 என்று இதுவரை நான்கே அறியப்பட்டுள்ளன. அடுக்காக நிற்கும் மெர்சென் பகா எண்ணின் அடுக்கில் 2, 3, 5, 7 வரை நன்றாகச் சென்ற இந்த வரிசை, 13-க்கு வந்ததும் முறிந்துவிடுகிறது. ப-வையே அடுக்காக ஏற்றி, 2-இன் ப-ஆம் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தால் என்ன? அந்த எண்ணில் 64 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள் இருக்கும். அது பகு எண். 295257526626031 அதை வகுக்கிறது.

இத்தனை பெரிய எண்ணை வகுப்பதாகச் சொல்வதை எப்படி நம்புவது? மேலே ஆய்லருக்குப் பயன்பட்ட விதி இங்கும் ஒரு முதல் சோதனையைத் தருகிறது: இந்த வகுஎண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் அது ப-வின் மடங்காக இருக்க வேண்டும். இருக்கிறது, 2147483647 × 137490. முழுச் சோதனைக்கு 64 கோடி இலக்கங்களை எழுத வேண்டியதில்லை. ப-வின் இருநிலை வடிவம் முழுவதும் ஒன்றுகளால் ஆனது என்பதால் ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தால் போதும்: 1-இல் தொடங்கி, கையில் உள்ளதை வர்க்கப்படுத்தி இரட்டித்து, 295257526626031-ஆல் வகுத்து மீதியை வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் 2, பிறகு 8, பிறகு 128, பிறகு 32768; அடுத்தது 2147483648, அதாவது ப-வைவிட ஒன்று கூடுதல். அதற்குப் பிறகு மீதிகள் கலைந்து, எதையும் நினைவூட்டாத பதினைந்து இலக்க எண்களாகின்றன. 31ஆம் அடியில் 1 வருகிறது.